விடுதலும் விட்டபடி நிற்றலும்

மக்கள் ஒரு தீய வழக்கத்தினின்றும் நீங்குதற்கண் இருவேறு செயல்கள் உள. ஒன்று அதனை விடுதல். மற்றொன்று விட்டபடி நிற்றல். முன்னது ஒரு நாளிற் செய்து முடிக்கத்தக்கது. பின்னது நாடோறும் செய்யற்பாலது. இவ்விரண்டினையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவார் உலகிற் பலர். அம்மயக்கத்தால் விளையுந் துன்பம், வேறெவ்வழக்கத்தினும் சிகரெட்டுக் குடிக்கும் வழக்கத்தின்கண் மிகுதியாகக் காணப்படுகின்றது. 'சிகரெட்டை நூறு முறை விட்டுவிட்டேன்' என்று நகைத்துக் கூறுவாரை யாவரும் அறிவர். அவர் பொய் கூறினாரல்லர். நூறு முறையும் மெய்யாகவே விட்டார். விட்டபின் நிற்றற்கு வேண்டுவன யாவை என்பதனை அவர்க்கு எடுத்துரைப்பார்தாம் இலராயினர். அது பற்றி எமக்குத் தோன்றுவனவற்றை நம் கல்லூரி மாணவர்முன் வைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புகையிலையின் தீமைகளை விரித்துரைத்தல் ஈண்டு எம் கருத்தன்று. அத்தீமைகளை உரைப்பார்க்கு எக்காலத்தும் குறைவிருந்ததில்லை. இங்கிலாந்தை ஆண்ட முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1604-ம் ஆண்டிலேயே புகையிலையைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். நம் நாட்டில் ஜஹாங்கீர் பாதுஷா 1617-ம் ஆண்டில் அதனைத் தடுத்து ஆணை பிறப்பித்தார். மன்னர் வெறுப்பும் மன்னர் ஆணையும் அதன் பரவுதலைத் தடுத்தில. பின்னர் அறிவியல் முன்வந்தது. ரிச்சர்டு டால், பிராட்போர்டு ஹில் என்னும் அறிஞர் இருவரும் 1951-ம் ஆண்டு தொடங்கிப் பிரிட்டிஷ் மருத்துவர்தம் புகை வழக்கத்தினையும் ஆயுளினையும் குறித்து வரலாயினர். ஐம்பது ஆண்டுகளின் முடிவு 2004-ம் ஆண்டில் வெளிவந்தது. வாழ்நாள் முழுதும் சிகரெட்டுக் குடிப்போர், குடியாதாரினும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் முன்னரே இறக்கின்றனர் என்பதும், அறுபதாம் வயதில் விடுவோர் அவற்றுள் மூன்றாண்டுகளையும், ஐம்பதில் விடுவோர் ஆறாண்டுகளையும், நாற்பதில் விடுவோர் ஒன்பதாண்டுகளையும், முப்பதில் விடுவோர் ஏறத்தாழப் பத்தாண்டுகளையும் மீட்டுக்கொள்கின்றனர் என்பதும் அதனால் நன்கு விளங்கின. டால் அவர்களும் ஒருகாலத்துச் சிகரெட்டுக் குடித்தவரே. தம் ஆராய்ச்சியின் தொடக்க முடிவுகளைக் கண்டபோதே அதனை விட்டார்.

'தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்னும் பழமொழியை வாய்ப்பாடாக உரைத்துக் கைசோர்ந்திருப்பார்க்கு இக்கணக்கு ஒன்றே மறுமொழியாகும். எவ்வயதில் விடினும் ஊதியம் உண்டு. இளமையில் விடின் இழந்தது ஏறக்குறைய முழுதும் மீளும்.

நிற்க. இவ்வளவும் அறியாமையாலோ மக்கள் புகைக்கின்றனர்? அன்று. இந்திய நாட்டில் 2016, 2017-ம் ஆண்டுகளில் அரசினர் எடுத்த கணக்கின்படி, வயது வந்தோருள் நூற்றுக்கு 28.6 பேர் ஏதேனும் ஒருவகையிற் புகையிலையைக் கொள்வோராவர், நூற்றுக்கு 10.7 பேர் புகைப்போர். அக்கணக்கிலேயே, புகைத்தல் கொடிய நோய்களை விளைக்கும் என்று நம்புவோர் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் என்பதும், புகைப்போருட் பாதிக்கு மேற்பட்டோர் விட்டுவிட எண்ணியிருந்தனர் என்பதும் காணப்படுகின்றன. ஆகவே, அறிவும் குறையன்று, விருப்பமும் குறையன்று. அறிந்தும் விரும்பியும் நில்லாமைக்குக் காரணம் யாது என்பதே ஆராயத்தக்கது.

முதற்காரணம் உடலைப் பற்றியது. சிகரெட்டுப் புகையிலுள்ள நிக்கோட்டின் என்னும் பொருளே இவ்வழக்கத்தின் கட்டுக்கயிறு. புகையை உள்ளிழுத்த பத்து இருபது விநாடிகளுக்குள் அது மூளையை எட்டி ஆங்கே ஒரு சிறிய இன்பத்தை எழுப்புகின்றது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற் குருதியிலுள்ள அதன் அளவு பாதியாகக் குறைகின்றது. குறையவே, அமைதியின்மையும் எரிச்சலும் கருத்து ஊன்றமாட்டாமையும் தலைகாட்டுகின்றன. மற்றொரு சிகரெட்டைப் பற்றவைத்தவுடன் அவை அடங்குகின்றன. இதனைக் கண்டே, 'சிகரெட்டு எனக்கு அமைதி தருகின்றது. அஃதின்றேல் படிப்பு ஓடாது' என்று நம் நண்பர் கூறுகின்றனர். வீட்டிற்குத் தீயிட்டவனே நீர்க்குடத்தோடும் ஓடிவந்து நிற்பானாயின், அவனுக்கு நாம் நன்றி கூறுவோமோ? சிகரெட்டு தரும் அமைதி, சிகரெட்டு கெடுத்த அமைதியே. இது வெறும் உவமையன்று. பல ஆராய்ச்சிகளை ஒருங்கு வைத்து நோக்கிய கட்டுரையொன்று 2014-ம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. சிகரெட்டை விட்டவர்க்குக் கவலையும் மனச்சோர்வும் மிகுவதற்கு மாறாகக் குறைகின்றன என்று அது காட்டிற்று.

விட்டவுடன் உடல் படும் பாடு மெய்யே. அதனை இல்லை என்பார் பட்டறியாதார். ஆயினும் அப்பாட்டிற்கு ஓர் எல்லையுண்டு. முதல் வாரத்தில் அது கடுமையாக இருக்கும். மூன்று நான்கு வாரங்களிற் பெரும்பாலும் அடங்கிவிடும். இடையிடையே எழும் வேட்கையும் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே நிற்கும். கடலலை காலைப் பற்றி இழுக்கும்போது விரல்களை மணலில் ஊன்றிச் சிறிது நேரம் நிற்பவன் விழுவதில்லை. அலை தானே மீண்டுவிடும். உடலளவில் விடுதலை பெறுதற்கு ஒரு திங்கள் போதும் என்பதனை, விட எண்ணுவோர் முதலிலேயே தெரிந்துகொள்ளல் வேண்டும். எல்லை தெரியாத வழியிற் கால் விரைவிற் சோரும்.

அவ்வாறாயின், மூன்று திங்கள் நின்றவரும் மீண்டும் பற்றவைப்பது எதனால்? ஈண்டு இரண்டாங் காரணம் தோன்றுகின்றது. உடல் மறந்ததை இடம் நினைவூட்டுகின்றது. சூடான தேநீர்க் குவளை, உணவுக்குப் பிந்திய ஓய்வு, தேர்வுக்கு முந்திய இரவு, விடுதி வாயிலிற் கூடும் தோழர் குழாம், பெட்டிக்கடையின் முன்னர்த் தொங்கும் நெருப்புக் கயிறு — இவையெல்லாம் பழைய நாட்களிற் சிகரெட்டோடு இணைந்தே மனத்திற் பதிந்தவை. ஒன்று தோன்றினால் மற்றொன்றும் உடன் தோன்றும். கல்வி நிலையத்தினின்றும் 100 கெஜத்துக்குள் சிகரெட்டு விற்றலாகாது என்பது 2003-ம் ஆண்டுச் சட்டம். சட்டம் நன்றே. ஆயினும் 101-ம் கெஜத்தில் என்ன நிற்கின்றது என்பதனை நம் மாணவர்க்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை. அக்கடையினைக் கடந்து செல்லும் வழியை ஒரு திங்களேனும் மாற்றிக்கொள்பவன் கோழையல்லன். தன் பகைவன் நிற்குமிடம் அறிந்தவன்.

இனி, 'விட்டபடி நிற்றற்கு வேண்டும் ஊக்கத்தினை எங்ஙனம் பெறுவது?' என்னும் வினாவிற்கு வருவாம். இவ்வினாவினை எழுப்புவார் பலரும், ஊக்கம் என்பது எங்கோ புதைந்துகிடக்கும் புதையல் போலவும், அதனை ஒரு முறை அகழ்ந்தெடுத்துவிட்டால் வாழ்நாள் முழுதும் வைத்துச் செலவிடலாம் என்பது போலவும் எண்ணுகின்றனர். எம் கருத்து அதனின் வேறாம். ஊக்கம் ஒரு பயிர். இன்று நீர் பாய்ச்சினால் இன்றைக்குத் தழைக்கும். நாளைக்கு நாளையே பாய்ச்சுதல் வேண்டும். 'மனத்தில் உறுதி பிறக்கட்டும், விடுகின்றேன்' என்று காத்திருப்பவன், பயிர் விளைந்தபின் நீர் விடுவேன் என்று சொல்லும் உழவனை ஒப்பான்.

அப்பயிர்க்கு அச்சம் ஒன்றே நீராதல் இயலாது. 2016-ம் ஆண்டு முதல் நம் நாட்டுச் சிகரெட்டுப் பெட்டிகளின் இருபுறத்தும் நூற்றுக்கு 85 பங்கு இடத்தை நோயின் படமும் எச்சரிக்கையும் கொண்டிருத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. அப்படத்தினைக் கண்டு முதல் நாள் அஞ்சினவன், பத்தாம் நாள் அதனைக் காணாமலே பெட்டியைத் திறக்கின்றான். இருபது வயதினனுக்கு அறுபது வயது என்பது பிறர் வயது. அவ்வயதில் வரும் நோயினைக் காட்டி இன்று மாலை எழும் வேட்கையை அடக்குதல் அரிது. தொலைவிலுள்ள அச்சத்தினும் அருகிலுள்ள நன்மையே கையைத் தடுக்க வல்லது.

அருகிலுள்ள நன்மைகள் பல. கடைசிச் சிகரெட்டை அணைத்த இருபது நிமிடங்களுக்குள் இதயத் துடிப்பின் வேகம் தணியத் தொடங்குகின்றது. ஓரிரு நாட்களிற் குருதியிற் கலந்திருந்த நச்சுக்காற்று நீங்குகின்றது. சில நாட்களில் நாவின் சுவையும் மூக்கின் மணமும் கூர்மை பெறுகின்றன. சில வாரங்களில் மூச்சு நீள்கின்றது. பந்தாட்ட வெளியில் ஓடுபவன் அதனைத் தானே உணர்வான். ஓராண்டில் நெஞ்சு நோயால் வரும் மிகைத்தீங்கு பாதியாகின்றது. பொருளும் எஞ்சுகின்றது: நாளொன்றுக்கு 100 ரூபாய் சிகரெட்டிற்குச் செலவாயின், ஓராண்டிற்கு 36,500 ரூபாய். வீட்டிலிருந்து தந்தையார் அனுப்பும் பணத்தில் இஃது எத்தனை மாதப் பங்கு என்று மாணவன் தானே கணக்கிட்டுப் பார்ப்பானாக. இவற்றுள் தன் நெஞ்சினைத் தொடுவது யாதோ அதனை ஒரு தாளில் எழுதி, முன்பு சிகரெட்டு இருந்த சட்டைப் பையில் வைத்துக்கொள்க. பிறர் கூறும் நூறு காரணங்களினும் தன் கையால் எழுதிய ஒரு காரணம் வலியுடைத்து.

எனினும், எக்காரணமும் பயன்படாது ஊக்கம் குன்றும் நாள் ஒன்று வரும். அந்நாளினைக் கருதியே முன்னதாக அரண் அமைத்தல் வேண்டும். இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு பிலிப்பைன் நாட்டில் மிண்டனாவோ என்னுந் தீவிற் கிடைத்துள்ளது. அவ்வாராய்ச்சி 2010-ம் ஆண்டில் வெளியாயிற்று. ஆங்கு ஒரு வங்கி, புகைப்போர் தம் சொந்தப் பணத்தையே ஆறு திங்கள் இட்டுவைக்க இடங்கொடுத்தது. ஆறாந் திங்களிற் சிறுநீரைச் சோதித்து, நிக்கோட்டின் இல்லையெனிற் பணம் முழுதும் மீளும். இருப்பின் அஃது அறத்திற்குச் சேரும். இவ்வாய்ப்பு அளிக்கப்பட்டோருள் விட்டவர் தொகை, அளிக்கப்படாதோரினும் நூற்றுக்கு மூன்று மிகுந்திருந்தது. பணயம் முடிந்து ஆறு திங்கள் சென்றபின் எதிர்பாராத வகையிற் சோதித்தபோதும் அவ்வேற்றம் நிலைத்தே இருந்தது. மூன்று என்பது சிறு தொகையே. ஆயினும் தளரும் நாளிலுள்ள தன்னை, உறுதியான நாளிலுள்ள தான் முன்னரே கட்டிவைக்கலாம் என்னும் நெறி அதனாற் புலனாகின்றது. நம் விடுதியிலும் ஒருவன் தன் பணத்தைத் தன் நண்பன் கையில் இவ்வாறு ஒப்புவித்து வைத்தற்கு வங்கியும் வேண்டா, ஆராய்ச்சியும் வேண்டா.

நிற்பவரை வீழ்த்தும் சொல் ஒன்று உண்டு. அது 'ஒன்றுதானே' என்பது. நம் நாட்டுக் கடைகளிற் சிகரெட்டு ஒற்றையாகவும் விற்கப்படுதலின் அச்சொல்லுக்கு வலிமை மிகுதி. 2018-ம் ஆண்டிற் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வொன்று, நாளொன்றுக்கு ஒரே சிகரெட்டுக் குடிப்போர்க்கும், இருபது குடிப்போர்க்கு வரும் நெஞ்சு நோயின் மிகைத்தீங்கில் ஏறத்தாழப் பாதி வருகின்றது என்று காட்டுகின்றது. ஒன்று, இருபதில் ஒரு பங்கன்று. அன்றியும், விட்டவனுக்கு அந்த ஒன்று அடுத்ததன் வாயிலாகும். ஆதலின் 'குறைத்துக்கொள்வேன்' என்பதனினும் 'ஒன்றும் இல்லை' என்பதே காத்தற்கு எளிய எல்லை. வேலி இல்லாத நிலத்தைக் காத்தலினும் வேலியுள்ள நிலத்தைக் காத்தல் எளிதன்றோ?

இவ்வாறு கூறுதலால், ஒரு முறை தவறியவன் முழுதும் தோற்றான் என்பது எம் கருத்தென்று கொள்ளற்க. ஒன்றைக் குடித்துவிட்ட ஒருவன், 'எல்லாம் போயிற்று, இனி என்ன?' என்று பெட்டி முழுவதையும் வாங்குகின்றானே, அந்த இரண்டாஞ் செயலே வீழ்ச்சி. இடறியவன் எழுந்து நடப்பின் அஃது இடறலாகவே முடியும். இடறிய இடமும் நேரமும் உடனிருந்தாரும் எவை என்று ஆராய்ந்து மறுமுறை அவற்றினைத் தவிர்ப்பின், அவ்விடறலும் ஆசிரியனாகும்.

இதுவரை கூறியவை விடுவோன் கடமை. இனி, ஏனையோர் கடமை ஒன்று உளது. இதனை வற்புறுத்தவே யாம் எழுதப் புகுந்தோம். 'புகைப்பது அவரவர் சொந்தக் காரியம், நமக்கென்ன?' என்பார் நம்முட் பலர். அமெரிக்காவில் பிராமிங்காம் என்னும் ஊரைச் சார்ந்த 12,067 பேரை 1971 முதல் 2003 வரை நோக்கி வந்த ஆராய்ச்சி, இக்கூற்றினைப் பொய்யாக்கிவிட்டது. கணவன் மனைவியருள் ஒருவர் விட்டால், மற்றவர் புகைப்பதற்குரிய வாய்ப்பு நூற்றுக்கு 67 குறைந்தது. நண்பர் ஒருவர் விட்டால் நூற்றுக்கு 36 குறைந்தது. மக்கள் தனித்தனியே விட்டாரல்லர். குழுக் குழுவாக விட்டனர். முதற் சிகரெட்டைத் தனியே கடைக்குச் சென்று வாங்கினவர் நம்முள் எத்தனை பேர்? பெரும்பாலார்க்கு அது ஒரு நண்பன் நீட்டியது. நட்பினால் வந்தது நட்பினால் நீங்குதல் முறையே.

ஆகவே, புகைக்கும் நண்பர்கள் ஒன்று செய்தல் வேண்டும். விட்ட ஒருவனுக்குச் சிகரெட்டை நீட்டாதிருத்தல் வேண்டும். அவன் கேட்பினும் கொடாதிருத்தல் வேண்டும். தாம் விடாவிடினும் இவ்வளவு செய்தல் அரிதன்று. புகையாத நண்பர்களும் ஒன்று செய்தல் வேண்டும். 'எத்தனை நாளைக்குப் பார்ப்போம்' என்னும் ஏளனச் சொல்லை விடுத்தல் வேண்டும். அச்சொல் எத்தனை பேரை மீண்டும் கடைவாயிலுக்கு அனுப்பியிருக்கும்! அதற்கு ஈடாக, இரவு உணவு முடிந்தவுடன் அவனோடு பத்து நிமிடம் உலாவிவருக. வேட்கை எழும் நேரம் அதுவே. அது தணிய அப்பத்து நிமிடமே போதும். முதல் வாரத்தில் அவன் சினந்து ஒரு சொல் கூறினாலும், அது நோயின் சொல் என்று பொறுத்துக்கொள்க. இதனிற் பெரிய அறவுரை வேறில்லை.

மருந்தின் துணை கொள்ளுதல் மானக்கேடு என்பாரும் உளர். அவர் கூற்றுப் பிழையுடைத்து. ஒரு துணையுமின்றித் தாமே விட முயல்வோருள், ஒரு முயற்சியில் ஆறு திங்களுக்கு மேல் நிற்போர் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேரே என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். நிக்கோட்டினைச் சிறு அளவில் தந்து வேட்கையைத் தணிக்கும் மெல்லும் பிசினும் ஒட்டும் பட்டையும் வெற்றி வாய்ப்பினை ஒன்றரை மடங்கிற்கு மேலாக்குகின்றன. உலக சுகாதார நிறுவனம் இவற்றை 2009-ம் ஆண்டில் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. புகையிலை வழக்கத்தை விடுவித்தற்கென நம் நாட்டில் 2002-ம் ஆண்டு முதல் நிலையங்கள் அமைக்கப்பெற்றன. சென்னை அடையாற்றுப் புற்றுநோய் நிலையமும் அவ்வகைப் பணியில் ஈடுபட்டதே. 2016-ம் ஆண்டு முதல் 1800-11-2356 என்னும் தொலைபேசி எண்ணும் இதற்கென ஏற்பட்டது. சிகரெட்டுப் பெட்டியின் மேலேயே அவ்வெண் அச்சிடப்படலாயிற்று. காலொடிந்தவன் ஊன்றுகோல் கொள்ளுதலை இழிவென்பார் இலர். ஊன்றுகோலின்றி நடப்போர் நடக்க, வேண்டுவோர் கொள்க, சேர்தற்குரிய இடம் ஒன்றே.

'தேர்வு முடியட்டும், பின்னர் விடுவேன்' என்று நாள் கடத்துவோர்க்கு ஒரு சொல். தேர்வு முடிந்தபின் வேலை தேடும் கவலை வரும். வேலை கிடைத்தபின் மேலதிகாரியின் கடுஞ்சொல் வரும். பின்னர்க் குடும்பக் கவலை வரும். கவலையற்ற நாள் ஒன்று வந்து நம்மை விடச் சொல்லப்போவதில்லை. ஒரு நாளினை இன்றே குறித்துக்கொள்க. அதனை இரு நண்பர்க்கு உரைத்துவிடுக. அந்நாள் வருமுன்னரே பெட்டியையும் தீப்பெட்டியையும் அறையினின்றும் அகற்றுக.

மாணவ நண்பர்காள்! ஒருவன் சிகரெட்டை விட்ட நாளினை யாவரும் பாராட்டுவர். அவன் விட்டபடி நின்ற நாற்பதாம் நாளினை ஒருவரும் நினைப்பதில்லை. அவனும் அதனை வெளியிற் சொல்லுவதில்லை. உண்மையில் வெற்றி அந்த நாற்பதாம் நாளே. நும் அறையிலோ அடுத்த அறையிலோ அத்தகைய நாளொன்றினை அமைதியாகக் கடந்துகொண்டிருப்பவன் ஒருவன் உளனாயின், இன்றிரவு அவனைத் தேடிச் சென்று, 'எத்தனையாவது நாள்?' என்று அன்போடு வினவுக. அவ்வினாவே அவனுக்கு நாளைக்கு வேண்டும் ஊக்கமாகும்.